யாரும் தொடாதபோது அந்த மெஷின் என்ன செய்கிறது?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் நிபோங் திபாலைச் சேர்ந்தவள். மெக்கட்ரானிக்ஸ் படித்தேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு செமிகண்டக்டர் தொழிற்சாலையில் புரோசஸ் இன்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சிப்பை மெல்லிய கம்பியால் இணைக்கும் ஒயர் பாண்டிங் பகுதி என் பொறுப்பு. தினமும் தீயணைக்கிற வேலைதான் நடக்கிறது. பால் ஷியர் அளவு (கம்பி நுனியில் ஒட்டியிருக்கும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்கத் தேவைப்படும் விசை) குறைந்தால் அல்ட்ராசோனிக் பவரைக் கூட்டுகிறேன், கூடினால் குறைக்கிறேன். இரவு ஷிப்டில் வேறொருவர் மாற்றிவிடுகிறார். காலையில் வந்தால் மறுபடி அதே கதை. ஈல்ட் (தேறும் சிப்புகளின் விழுக்காடு) ஏறுகிறது, இறங்குகிறது, காரணம் தெரியவில்லை. இருபது வருடமாக அங்கேயே இருக்கும் டெக்னீஷியன் அக்கா ஒருவர், "சும்மா விடும்மா, அதுவா அடங்கும்" என்கிறார். படித்துவிட்டு வந்த என்னிடம் இப்படிச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. போன வாரம் ஒரு லாட் (ஒரே தொகுதியாக ஓடிய சிப்புகள்) ஷியர் டெஸ்டில் தோற்றது. மேனேஜர் "இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்" என்றார். அது பாஸ் ஆனது, கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. போதாததற்கு நடுராத்திரியிலும் லைனில் இருந்து வாட்ஸ்அப் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் தோழி அங்கே வந்துவிடச் சொல்கிறாள். இது உண்மையிலேயே பொறியியல் வேலைதானா? நான் இங்கேயே இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கையெழுத்து விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

பால் ஷியர் டெஸ்ட் செய்யும்போது அந்தப் பந்து உடைந்து போகிறது. ஒரே பந்தை இரண்டாவது முறை அளக்க வழியே இல்லை. ஆகவே நீங்கள் செய்தது மறு அளவீடு ஆகாது. வேறு பந்துகளை எடுத்து வேறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த லாட்டில் பத்துக்கு ஒரு பந்து பலவீனம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பந்துகளைச் சோதித்தால், ஐந்துமே நல்லதாக வருவதற்கு ஏறக்குறைய 59 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று விட்டால், ஏதாவது ஒரு முறை பாஸ் ஆகும் வாய்ப்பு 83 விழுக்காடு. மூன்றாவது முறையும் அனுமதித்தால் 93. பத்தில் ஒன்று கெட்டுப்போன லாட் இப்படித்தான் "பாஸ்" ஆகிறது. இதில் யாரும் பொய் எண் எழுதவில்லை, ஆனாலும் முடிவு பொய்யாகிவிடுகிறது.

"பிறகு எலக்ட்ரிக்கல் டெஸ்ட் இருக்கிறதே, அங்கே பிடித்துவிடாதா" என்று உங்கள் தளத்தில் யாராவது சொல்வார்கள். பிடிக்காமல் போகலாம். தங்கப் பந்து சிப்பின் மேல் இருக்கும் அலுமினியப் பேட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, இரண்டு உலோகமும் கலந்து நடுவில் ஒரு சேர்மப் படலம் உருவாகிறது. அந்தப் படலம் பாதிப் பரப்பில்தான் உருவாகியிருக்கிறது என்றாலும் மின்சாரம் தாராளமாகப் போகும், டெஸ்டர் பச்சை விளக்குக் காட்டும். அப்புறம் அந்தச் சிப் ஒரு காருக்குள் போய் உட்கார்ந்து, வெயிலில் சுட்டு இரவில் குளிர்ந்து, சிலிக்கானும் மோல்டிங் பிளாஸ்டிக்கும் சிப்பைத் தாங்கும் உலோகச் சட்டமான லீட்ஃப்ரேமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது, பாதி பிடித்த பந்து கழன்றுவிடும். அது பாட்டுப் பெட்டியின் சிப்பாகவும் இருக்கலாம், பிரேக்கின் சிப்பாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், உங்களுக்குள் இருக்கும் பொறியாளர் சரியாக வேலை செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

என்ன செய்யலாம்? நாளைக் காலையில் அந்த லாட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோரிலேயே இருந்தால் சிஸ்டத்தில் ஹோல்ட் போடுங்கள். போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, லாட் எண்ணை வைத்து எங்கே போனது என்று தேடலாம், அதற்குத்தான் டிரேசபிலிட்டி என்று ஒன்று வைத்திருக்கிறோம். பிறகு மேனேஜருக்கும் தரப் பிரிவான கியூஏவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல். குற்றச்சாட்டு வேண்டாம், அழுகையும் வேண்டாம். "இந்த லாட்டின் முதல் சாம்பிள் இந்த அளவு, இரண்டாவது சாம்பிள் இந்த அளவு. இரண்டாவதை வைத்து நான் விடுவித்தேன். முதல் முடிவைத் தள்ளுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் என்னிடம் இல்லை. பெரிய சாம்பிள் எடுத்து எம்ஆர்பியில் முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். (எம்ஆர்பி என்பது தரத்தில் சந்தேகம் உள்ள பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழு.) இரண்டு எண்ணும் அதில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

மேனேஜர் முகம் சுளிக்கலாம். மாதக் கடைசி ஏற்றுமதிக் கணக்கு அவர் கழுத்தில் இருக்கிறது, அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் நிறுவனத்தில் இருந்து புகார் வந்தால், முதலில் கேட்கப்படுவது அந்த லாட்டின் பதிவேடுதான். அதில் ஒரே ஒரு எண் இருப்பதைவிட இரண்டும் இருப்பது அவருக்கும் நல்லது. மறுசோதனை நியாயமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு: ஷியர் டூல் சாய்ந்திருந்தது, உயரம் தவறாக வைக்கப்பட்டது, கருவியின் கேலிபிரேஷன் காலாவதியாகிவிட்டது. அப்போதும் முதலில் காரணம் எழுதப்பட வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த சாம்பிள்.

சரி, இப்போது தீயணைப்புக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இது: உங்கள் மெஷின் யாரும் தொடாமல் இருந்தால் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. இரவு ஷிப்டுக்கும் தெரியாது. எட்டு மாதமாக அது அப்படி ஓடியதே இல்லை. இது தெரியாமல் பவரைக் கூட்டுவதும் குறைப்பதும் எந்த விதத்திலும் பலன் தராது.

நிபோங் திபாலில் இருந்து இரண்டாவது பாலம் வழியாகத்தானே வருகிறீர்கள்? ஒரு நாள் நாற்பது நிமிடம் ஆகும், மறுநாள் நாற்பத்தெட்டு, அதற்கடுத்த நாள் நாற்பத்து மூன்று. இதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஒரு நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது, லாரி கவிழ்ந்திருக்கும். மெஷினிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. தினசரி ஏற்ற இறக்கம் அந்த அமைப்புக்குள்ளேயே இருப்பது. வெளியே இருந்து ஒரு காரணம் வந்து சேருவது வேறு. 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு படம் வரைந்தார். உங்கள் லைனில் கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோல் சார்ட் அதுதான். நூறு வருடம் ஆகியும் அதைவிட எளிமையான கருவி நமக்குக் கிடைக்கவில்லை.

அதில் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் மூன்று சிக்மா (சிதறலின் அளவான ஸ்டாண்டர்டு டீவியேஷன்) தூரத்தில் எல்லைக் கோடுகள் இருக்கும். மெஷின் நலமாக இருந்தால் 99.73 விழுக்காடு புள்ளிகள் அதற்குள் விழும். எல்லைக்குள் இருக்கும் ஒரு தனிப் புள்ளியைப் பார்த்து, "நேற்றைவிடக் குறைவாக இருக்கிறதே" என்று பவரைத் தொடக்கூடாது. எல்லையைத் தாண்டினால், அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், அப்போது போய்ப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்றால், குறிப்பிட்ட ஒரு பக்கமே எட்டு முறை விழுவது 256-க்கு ஒரு முறைதான் நடக்கும். அது கவனிக்க வேண்டிய செய்தி.

தொட்டால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். தரக் கட்டுப்பாட்டைப் பரப்பிய புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் இதை ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து வகுப்பில் செய்து காட்டுவார். குண்டு குறியைவிட்டு எவ்வளவு விலகி விழுந்ததோ, அவ்வளவு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்திக்கொண்டே இருந்தால், சிதறலின் வேரியன்ஸ் இருமடங்காகிவிடுகிறது. ஸ்டாண்டர்டு டீவியேஷனில் சொன்னால் 41 விழுக்காடு கூடுதல். புனலைத் தொடாமல் விட்டிருந்தால் அந்தக் கூடுதல் வந்திருக்காது. உங்கள் ஈல்ட் ஏறி இறங்குவதில் ஒரு பங்கு, நீங்களும் இரவு ஷிப்டும் மாறி மாறிச் செய்கிற திருத்தத்தால் வருவதாக இருக்கக்கூடும் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு பங்கு என்று கண்டுபிடிப்பது எளிது. இரவு ஷிப்ட் இன்ஜினியரோடு பேசி, ஒரே ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, எல்லை தாண்டாத வரை யாரும் ரெசிபியை, அதாவது மெஷினில் வைத்திருக்கும் அமைப்பு எண்களை, தொடுவதில்லை என்று ஒரு வாரத்துக்கு ஒப்பந்தம் போடுங்கள். மேனேஜரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டினால் நிறுத்துகிறோம், தரத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் மறுக்க மாட்டார். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாலும் நல்லது, ஆனால் இரவில் ஓட்டுகிறவரின் சம்மதம் இல்லாமல் பூட்டாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் எல்லை வேறு, ஸ்பெக் எல்லை வேறு. ஸ்பெக், வாடிக்கையாளரோ வடிவமைப்பாளரோ எழுதியது. கன்ட்ரோல் எல்லையை மெஷினே சொல்கிறது. கன்ட்ரோலைத் தாண்டி ஸ்பெக்குக்குள் இருந்தால் லாட் நல்லதாக இருக்கலாம், மெஷினில் ஏதோ மாறியிருக்கிறது. ஸ்பெக்கையே தாண்டினால் லாட்டை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் மட்டும் இல்லை.

ஒரு வார அமைதிக்குப் பிறகு நிஜமான கோளாறு தனியே தெரியும். அப்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த மெஷினில் இந்தப் பிரச்சினை இல்லை?" என்பது. பத்து மெஷினில் இரண்டில் மட்டும் ஷியர் குறைகிறது என்றால், அந்த இரண்டுக்கும் மற்ற எட்டுக்கும் என்ன வித்தியாசம்? கேப்பிலரி (கம்பியை வழிநடத்தி அழுத்தும் நுண்ணிய முனை) எத்தனை பாண்ட் ஓடியிருக்கிறது? ஒயர் எந்த லாட்? விண்டோ கிளாம்ப் லீட்ஃப்ரேமை அழுத்திப் பிடிக்கிறதா? ஹீட்டர் பிளாக்கின் மேல் தெர்மோகப்பிள் வைத்து நீங்களே வெப்பநிலையை அளந்தீர்களா, திரையில் வரும் எண்ணை நம்பினீர்களா? பிளாஸ்மா சுத்தம் செய்த பிறகு யூனிட்டுகள் பாண்டருக்கு வர எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன? காப்பர் ஒயர் என்றால், பந்து உருவாகும் இடத்தில் 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் சரியான அளவில் வருகிறதா? அது குறைந்தால் காப்பர் ஆக்சிடைஸ் ஆகி, பந்து கோணலாகும். இதற்குப் பவரைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். காப்பர் தங்கத்தைவிடக் கடினம். அழுத்தமும் அதிர்வும் கூடினால் பேட்டுக்கு அடியில் சிலிக்கானிலேயே விரிசல் விழும். ஷியர் எண் பார்க்க அழகாக இருக்கும், சிப் உள்ளே செத்திருக்கும்.

சந்தேகப்படும் பாகத்தை நல்ல மெஷினுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பாகத்தோடு கூடவே போனால் பாகம்தான் குற்றவாளி. பழைய மெஷினிலேயே நின்றுவிட்டால் வேறு இடத்தில் தேடலாம். இப்படி மாற்றிப் போடுவதற்குப் பணம் வேண்டாம், யாரிடமும் பெரிய ஒப்புதல் வாங்க வேண்டாம், உற்பத்திக்கு இடைவெளி கிடைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு பயனுள்ள சோதனையை ஏன் கல்லூரியில் அழுத்திச் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. பாராமீட்டர்தான் பிரச்சினை என்று உறுதியான பிறகு டிஓஇ (பல காரணிகளை ஒரே திட்டத்தில் சேர்த்து மாற்றிப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். பவர், ஃபோர்ஸ், நேரம் மூன்றுக்கும் தலா இரண்டு நிலை வைத்தால் எட்டு ஓட்டம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், ஃபோர்ஸ் கூடும்போது பவரின் விளைவே மாறுவது உங்கள் கண்ணில் படாது.

நடுராத்திரி வாட்ஸ்அப்புக்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது. எல்லை தாண்டினால் டெக்னீஷியன் முதலில் எதைப் பார்ப்பது, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது மெஷினை நிறுத்துவது, எப்போது உங்களை எழுப்புவது என்று ஒரு பக்கத்தில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். லைனில் இந்தத் தாளை ஓகேப் என்பார்கள். உங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு தாள் ஏற்கெனவே இருக்கும், ஐந்து வருடத்துக்கு முன் எழுதியது, யாரும் படிக்காதது. அதைத் தூக்கி எறியாமல் திருத்துங்கள். மலாயிலும் எழுதுங்கள். இரவில் நேப்பாள நாட்டு ஊழியர்கள் ஓட்டுகிறார்கள் என்றால் படம் போடுங்கள். ஒரு புரோசஸ் இன்ஜினியர் உருவாக்கும் உண்மையான பொருள் அந்தத் தாள்தான் என்பது என் கருத்து. நீங்கள் வீட்டில் தூங்கும்போது லைன் உங்கள் புத்தியில் ஓட வேண்டும்.

அந்தத் தாளைத் தனியாக உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். இங்கேதான் உங்கள் டெக்னீஷியன் அக்கா வருகிறார்.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியபோது இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒவ்வொன்றாகக் கையால் பாண்ட் செய்தார்கள். 1985-இல் முதல் பாலம் திறக்கும் வரை எதிர்க்கரையான செபராங் பிறையில் இருந்து வந்தவர்கள் ஃபெர்ரி ஏறித்தான் தீவுக்கு வந்தார்கள். தோட்டத்தில் பிறந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்களில் பலருக்கு இன்ஜினியர் பதவிக்குப் போகும் வழி அன்றைக்குத் திறந்திருக்கவில்லை. உங்கள் அக்கா அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறை. "அதுவா அடங்கும்" என்று அவர் சொன்னது, நான் மேலே இத்தனை பத்தியில் எழுதியதின் சுருக்கம். ஷூஹார்ட்டைப் படிக்காமலே அவர் அதைக் கண்டுகொண்டிருக்கிறார்.

ஆனால் அவர் சொல்வதையும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். போய்க் கேளுங்கள்: "அக்கா, அடங்கும்னு எதை வச்சுச் சொல்றீங்க? எவ்வளவு நேரத்துல அடங்கும்? அடங்காத நாள் உண்டா?" கடைசிக் கேள்விதான் தங்கம். புதுக் கேப்பிலரி போட்ட சிறிது நேரத்துக்கு அளவு குறைவாக வரும் என்று அவர் பார்த்து வைத்திருக்கலாம். மெஷின் நின்று திரும்ப ஓடும்போது ஹீட்டர் முழுதாகச் சூடாகும் வரை அப்படித்தான் என்று சொல்லலாம். எதுவாக இருந்தாலும் எழுதிக்கொண்டு, தேதி நேரத்தோடு சார்ட்டில் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் அந்தத் தாளில் அது ஒரு வரியாகட்டும், பெயர் போடும் இடத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்காதீர்கள். அவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார். லைன் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து ஸ்லைடு செய்யும் நேரத்தில் பாதியைக் குறைத்தாலே இதற்கு நேரம் கிடைக்கும்.

இது பொறியியல் வேலைதானா என்று கேட்டீர்கள். இதுதான். கண்ணுக்குத் தெரியாத காரணத்தை எண்ணாக்கி, சோதித்து, மற்றவர்கள் பின்பற்றக்கூடிய வடிவில் எழுதி வைப்பது. எட்டு மாதமாக உங்களுக்கு அதைச் செய்ய இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு செய்தாயிற்றா என்று பாருங்கள். பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். புள்ளியியல், டிஓஇ இரண்டிலும் கை நடுங்கினால், 1989-இலிருந்து இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் வகுப்புகள் உண்டா என்று விசாரியுங்கள். செலவைக் கம்பெனி ஏற்குமா என்று மனிதவளப் பிரிவிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சிங்கப்பூர் போவது தவறில்லை. சம்பளம் கூடுதல், சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பும் கூடுதல், குடும்பத்துக்கு அது பெரிய உதவி. வாடகையையும் தனிமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேப்பிலரி அங்கேயும் தேயும், அங்கேயும் மாதக் கடைசி வரும், இன்னொரு சாம்பிள் எடுக்கச் சொல்கிறவர் அங்கேயும் இருப்பார். இப்போதே போனால் நேர்காணலில், "என் லைனில் தினமும் பிரச்சினை" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு மெஷினை அமைதிப்படுத்தி, ஒரு கோளாறின் காரணத்தை மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் உள்ள சார்ட்டைப் பற்றித் தெளிவாகப் பேச முடிந்த பிறகு போங்கள். கம்பெனியின் ஆவணத்தை வெளியே எடுத்துப் போகாதீர்கள், அதை விளக்கும் அறிவு உங்கள் தலையில் இருந்தால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு முதல் எண்ணை அழிக்கச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினால், அங்கே இன்னும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அன்றைக்கே தோழிக்குப் போன் செய்யுங்கள்.